மீட்டர் இல்லாத மூன்று நாள்

ஜனவரி 3, புதன்

கெமிக்கல் டீலர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காஸ்டிக் சோடா விளம்பரம். இந்த வருடம் இதைத் திட்டுவதற்கு வைத்துக்கொள்ளப் போகிறேன். வீட்டில் திட்டினால் இவர் காதில் வாங்குவதில்லை. கம்பெனியில் திட்டினால் வேலை போய்விடும்.

முதல் திட்டு திவாகருக்கு. எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர். சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனியில் ‘நீடித்த வளர்ச்சி மற்றும் நல்லாட்சிக் குழு’ என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் நான் ஊழியர் பிரதிநிதியாம். தேர்தல் எப்போது நடந்தது என்று கேட்டேன். “எல்லாரும் ஒருமனதா உங்களத்தான் சொன்னாங்க மேடம்” என்றார். நானூறு பேர் வேலை செய்கிற சாயப்பட்டறையில், ஒருத்தருக்கும் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். சொன்னேன். செல்வநாயகி, வயது நாற்பத்து நான்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் லேப் இன்சார்ஜ், ஒன்பது வருடமாக. சாயத் தண்ணீர் சுத்தமாகி வெளியே போகும் இடத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை உப்பு அளவு பார்ப்பது என் பிரிவின் வேலை. லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். ஆபரேட்டர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

“ஊழியர்கள் இல்லாம நீடித்த வளர்ச்சி இல்ல. நீங்கதான் இந்தக் கம்பெனியோட கண்ணும் காதும்” என்றார் திவாகர். வாயைச் சொல்லவில்லை. கவனித்தேன்.

எல்லோருக்கும் பச்சை டி-ஷர்ட். எனக்குக் கொடுத்ததில் என் அளவில் இரண்டு பேர் நுழையலாம். பூமியைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்துவிட்டு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்தோம்.

ஜனவரி 5, வெள்ளி

கேண்டீன் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். பிரதிநிதி கையால் ஒட்டினால்தான் போட்டோ நன்றாக வருமாம். ஒரு செல் நம்பர். ‘தவறு கண்டால் அழையுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. ரகசியம் காக்கப்படும்.’ வெளியில் ஒரு நிறுவனம்தான் எடுத்துப் பேசும், நம் ஆட்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று திவாகர் சொன்னதை நானும் மைக்கில் சொன்னேன். “பயப்படாமக் கூப்பிடுங்க” என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை அவர் கண்ணைக் காட்டியதால்.

ஆபரேட்டர் சென்னியப்பன் கடைசி பெஞ்சில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பேசவே மாட்டார். போகிற வழியில் என்னிடம், “அம்முணி, நெசமாலுமே பேரு கேக்க மாட்டாங்களா?” என்றார்.

“கேக்க மாட்டாங்கண்ணா.”

“நீங்க சொன்னாச் சரிங்.”

ஜனவரி 10, புதன்

மார்ச்சில், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வருகிறார். ஊழியர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். முப்பது கேள்வி, முப்பது பதில், ஒரு ஜெராக்ஸ். நாற்பது பேருக்கு நான் மனப்பாடம் செய்விக்க வேண்டும். பதினான்காம் கேள்வி: ‘தவறு நடந்தால் யாரிடம் சொல்வீர்கள்?’ பதில்: ‘பயமின்றி ரகசிய எண்ணை அழைப்பேன்.’ மடிப்புப் பிரிவுப் பெண்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஒருத்தி “பயமின்றி”யை விட்டுவிட்டாள். திருத்தினேன்.

ஜனவரி 13, சனி

ரங்கோலிப் போட்டி. தலைப்பு: நீர். எனக்கு ஆறுதல் பரிசு, எவர்சில்வர் டம்ளர்.

ஜனவரி 19, வெள்ளி

அந்த நம்பருக்கு யாரோ பேசிவிட்டார்கள்.

டிசம்பர் 18, 19, 20 மூன்று நாளும் எங்கள் உப்பு மீட்டர் அளவு சரிபார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தது. லேபில் இருப்பது அது ஒன்றுதான். மாற்று மீட்டர் கேட்டு நான்கு வருடமாக எழுதுகிறேன். மீட்டர் இல்லாத மூன்று நாளும் ரிஜிஸ்டரில் ரீடிங் ஏற்றப்பட்டிருந்தது. 1980, 2010, 1960 என்று இரண்டு மணிக்கு ஒன்றாக. அதே மூன்று நாளும் விடியற்காலையில் பைபாஸ் வால்வு திறந்து சாயத் தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போனது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

யாருக்கு இந்த வேலை? பத்து வருடமாக ஓடுகிற வண்டியில் கட்டையைப் போடுவானேன்? இரண்டு மாதத்தில் ஆடிட் வருகிறது, இப்போதா இதெல்லாம்? சாதத்தைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் செய்தேன்.

ஜனவரி 22, திங்கள்

பிளாண்ட் மேனேஜர் தங்கமுத்து கூப்பிட்டு ஏதேதோ கேட்டார். பதில் சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தலைவலி.

ஜனவரி 23, செவ்வாய்

சென்னியப்பனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பொய் ரீடிங் எழுதியதாகக் குற்றச்சாட்டு. ரிஜிஸ்டரில் அந்த மூன்று நாளுக்கும் அவர் கையெழுத்து இருக்கிறதாம்.

இருக்காமல் எங்கே போகும்? எங்கள் பிரிவில் தினமும் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? மாதக் கடைசியில் டீ வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்து, முப்பத்தொரு பக்கத்துக்கும் ஒரே மூச்சில் போடுவோம். நான் பக்கத்தைப் புரட்டுவேன், அவர் போடுவார். பிறகு அவர் புரட்டுவார், நான் போடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இது தங்கமுத்துவுக்குத் தெரியும். ஒருமுறை எங்களோடு உட்கார்ந்து வடையும் தின்றிருக்கிறார். இப்போது ‘ஆபரேட்டர் ஒவ்வொரு நாளும் சரிபார்த்துக் கையொப்பமிட்டுள்ளார்’ என்று டைப் அடித்திருக்கிறார். மனசாட்சியை எந்தக் கோயமுத்தூருக்கு அனுப்பினாரோ.

சென்னியப்பன் லாக்கரைக் காலி செய்துகொண்டு லேப் வாசலில் நின்றார். “வர்றனுங் அம்முணி” என்றார். எனக்கு ரீடிங் எடுக்கிற நேரம். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜனவரி 25, வியாழன்

ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ‘ஆபரேட்டர் கொடுத்த ரீடிங்கை நம்பி லேப் இன்சார்ஜ் கையொப்பமிட்டார்’ என்று இருந்தது. எல்லாம் வழக்கமான நடைமுறைதான் என்றார் திவாகர். போட்டேன்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். பச்சை டி-ஷர்ட் கட்டாயம். மிட்டாய் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். தங்கமுத்து “சுகரா?” என்று கேட்டார்.

பிப்ரவரி 1, வியாழன்

சென்னியப்பன் சம்சாரம் வள்ளியாத்தா போன் செய்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எரிச்சல்படலாம்.

“ஏனுங் கண்ணு, நீங்கதான அந்தக் குழுவுல இருக்கறது? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்கல்லங்? இவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாரு. எருமைகிட்ட உக்காந்துக்கறாரு.”

பார்க்கிறேன் என்றேன். பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இவர், “நீ எதுக்கு இதுல தலையக் குடுக்கற? எனக்கும் முதுகு இப்படியாயிப் போச்சு” என்றார். இவர் முதுகு போய் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். திட்டினேன். சத்தமாகவே திட்டினேன். இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவருடைய டிபன் கேரியர் லேபில் கிடந்தது, அதைக் கொடுக்கத்தான். கம்பெனியிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஓடை அவர் விவசாயக் காட்டை ஒட்டித்தான் போகிறது. ஒன்பது வருடத்தில் இன்றுதான் அந்தப் பக்கம் போயிருக்கிறேன்.

வள்ளியாத்தா மோர் கொடுத்தார். சென்னியப்பன் சாதாரணமாகவே பேசினார். மூட்டு வலி, மருமகனின் லாரி, இந்த வருடம் மஞ்சள் போடாதது. கம்பெனிப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், உங்களுக்கு எதுக்குண்ணா இந்த வம்பு என்று.

கிளம்பும்போது எருமைக்குத் தண்ணீர் காட்டினார். கிணற்றுத் தண்ணீர். எருமை மூக்கைத் தொட்டிக்குள் விட்டது, உஸ்ஸென்று ஊதியது, தலையைத் திருப்பிக்கொண்டது. அவர் பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்த்தார். அது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், வள்ளியாத்தா தலையில் சுமந்து வந்தது. எருமை குடித்தது.

“ரெண்டு வருசமாச்சுங். மொதல்ல தென்னை காஞ்சுது. இப்ப இதும் பொழைக்கத் தெரிஞ்சுக்கிச்சு” என்றார்.

ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

பாட்டில் தண்ணீரைச் சோதித்தேன். எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

குழுக் கூட்டம். திவாகர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ‘ரகசிய எண்: சுதந்திரமான வெளி நிறுவனம். அழைப்பவர் அடையாளம் நமக்கே தெரியாது.’ பெரிய முதலாளியின் மகன் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அந்த நம்பரை அழுத்தினேன்.

திவாகரின் லேப்டாப் பைக்குள் ஒரு போன் உறுமியது.

அவர் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

“மேடம், ஏதாவது சொல்லணுமா?”

“இல்லீங்க சார். வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“செய்யுது” என்றார். அடுத்த படத்தைப் போட்டார். மரக்கன்று நடுவது பற்றி.

நம்பரை ஒட்டியது நான். மைக்கில் சொன்னது நான். “கேக்க மாட்டாங்கண்ணா” என்றதும் நான். இவர்கள் என் வாயை இரவல் வாங்கியிருக்கிறார்கள், நானும் கேட்டதும் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்து, சேலைக்கு மேல் போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கழற்றி வாஷ்பேசினில் போட்டேன். அந்தச் சாயமும் போகிறது. எங்கள் சாயம்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஜனவரி 22-ஆம் தேதிப் பக்கம் திறந்துகொள்கிறது. ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கமுத்து அன்று கேட்டது இதுதான்: “மீட்டர் வெளியில போனது உனக்கும் சென்னியப்பனுக்கும் மட்டுந்தான் தெரியும். கடை நம்பர்ல இருந்து போன் பண்ணது யாரு?”

“நான் இல்லைங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. என்னைக் கேட்டார், நான் இல்லை, இல்லை என்றேன். உண்மையைச் சொன்னது குற்றமா? இருப்பது இரண்டு பேர் என்பதை நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

இதைப் படிக்கப் படிக்க எனக்கே கேவலமாக இருக்கிறது. போதும்.

பிப்ரவரி 22, வியாழன்

முப்பது கேள்வி ஒத்திகை, இரண்டாம் சுற்று. நாற்பது பேரும் தேறிவிட்டார்கள். திவாகர் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார். பிளாஸ்டிக் பூ.

மார்ச் 5, செவ்வாய்

விசாரணை. மாடியில் மீட்டிங் ரூம். விசாரணை அதிகாரியாகக் கம்பெனியே வைத்த ஒரு வக்கீல். தங்கமுத்து, திவாகர், சாட்சியாக நான். எதிரே சென்னியப்பன், சலவைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. அதில் என்ன கொண்டுவந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. திறக்கவே இல்லை.

ரிஜிஸ்டரை அவர் முன் விரித்தார்கள்.

“இது உங்க கையெழுத்தா?”

“எம்பட கையெழுத்துத்தானுங்.”

“அப்ப ரீடிங்கும் நீங்கதான் எழுதினீங்க.”

“இல்லீங். மீட்டரே இல்லாம எதப் பாத்துங் எழுதறது? அந்த மூணு நாளும் நான் வெறும் கட்டமாத்தான் உட்டேன்.”

“அப்ப யார் எழுதினாங்க?”

நான் மேஜையைப் பார்த்தேன். மேஜையில் ஒரு தண்ணீர் வட்டம் இருந்தது.

“எழுதுனவங்க சொல்லுவாங்க” என்றார் சென்னியப்பன்.

வக்கீல் என் பக்கம் திரும்பி, ஜனவரியில் கொடுத்த வாக்குமூலம் சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

சென்னியப்பன் ஏன் என்னைக் காட்டவில்லை? நேராக விரலை நீட்டி ‘இந்தம்மாதான்’ என்று சொல்லியிருக்கலாமே. சொன்னால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், ஏதாவது ஒன்று தீர்ந்திருக்கும். சாதுவாக உட்கார்ந்து என் கழுத்தை அறுக்கிறார். இருபத்திரண்டு வருட வேலை போகப் போகிறது, அப்போதும் மரியாதையாம். யாருக்கு வேண்டும் இவர் மரியாதை?

ஆம். நான்தான் நிரப்பினேன். அவர் வெற்றாக விட்ட முப்பத்தாறு கட்டங்களையும் டிசம்பர் 21 காலையில் உட்கார்ந்து நிரப்பினேன். ‘காலியா இருக்கக் கூடாது நாயகி, பாத்துக்க’ என்று தங்கமுத்து சொன்னார், பார்த்துக்கொண்டேன். கால்மணி நேரம் ஆனது. என்ன எண் போடுவது என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போட்டது.

மார்ச் 11, திங்கள்

டிஸ்மிஸ் ஆர்டர் தயார். திவாகர் காட்டினார். தேதி 13. நாளை ஆடிட் முடிந்ததும் மறுநாள் கொடுப்பார்களாம். அடியில் மூன்று கையெழுத்து: பிளாண்ட் மேனேஜர், ஹெச்.ஆர்., ‘ஊழியர் பிரதிநிதி முன்னிலையில்’.

“ஊழியர்கள் சம்மதத்தோட நடந்ததுன்னு இருந்தா நல்லாட்சில நமக்கு மார்க் கூடும் மேடம்” என்றார்.

பேனா கொண்டு வரவில்லை என்றேன். அவர் பேனாவை நீட்டினார். நாளைக்குப் போடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பயத்தில் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். படி இறங்கும்போதுதான் தெரிந்தது, கோபம். ஒரு மனிதனைத் தூக்கி எறிவதற்கும் என் கையைத்தான் கேட்கிறார்கள். ரீடிங்குக்கு என் கை, போஸ்டருக்கு என் கை, இதற்கும் என் கை.

மார்ச் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடிட்டர் பெயர் நிரஞ்சனா. பெங்களூரிலிருந்து வந்தாலும் சேலத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். கண்ணாடி அறையில் நானும் அவரும் மட்டும். வெளியே தாழ்வாரத்தில் திவாகர் போன் பேசுவதுபோல் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

முதல் பதின்மூன்று கேள்விக்கும் ஜெராக்ஸில் உள்ளபடி சொன்னேன். என் குரல் எனக்கே மடிப்புப் பிரிவுப் பெண் ஒப்பிப்பது மாதிரிக் கேட்டது.

“தப்பு நடந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?”

“பயமின்றி” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. அவர் தண்ணீரை நகர்த்தினார். குடிக்கவில்லை.

“மேடம், பயமில்லாமக் கூப்பிட்டவரு வீட்டுல உக்காந்திருக்காரு. நாளைக்கு அவருக்கு டிஸ்மிஸ் ஆர்டர். அந்த போன் இதோ வெளிய நடக்கறாரே, அவரு பையில இருக்குது. டிசம்பர் 18, 19, 20 ரிஜிஸ்டரை எடுங்க. அப்படியே செக்யூரிட்டிகிட்ட கேட் ரிஜிஸ்டர் கேளுங்க. மீட்டர் 18 காலைல வெளிய போச்சு, 21 காலைல உள்ள வந்துச்சு. மீட்டர் இல்லாம ரீடிங் எழுதினது நான்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “யார் எழுதச் சொன்னாங்க?”

சொன்னேன்.

“வால்வு?”

அதையும் சொன்னேன். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், எத்தனை மணிக்குத் திறப்பார்கள். கிணற்றுத் தண்ணீரையும் சொன்னேன். பிப்ரவரி 5-ஆம் தேதி நான் எழுதாமல் விட்ட எண்: 4900.

“இதைச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?” என்றார்.

“தெரியுமுங்க. கேட் ரிஜிஸ்டரை இப்பவே கேளுங்க. மத்தியானத்துக்குமேல அது இருக்காது.”

வெளியே வந்தபோது திவாகர் சிரித்துக்கொண்டே “நல்லாப் போச்சா மேடம்?” என்றார். நல்லாப் போச்சு என்றேன். லேபுக்குப் போய் பன்னிரண்டு மணி ரீடிங் எடுத்தேன். 3400. அதையே எழுதினேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக மீட்டரைப் பார்த்து எழுதினேன்.

மார்ச் 13, புதன்

எனக்கு சஸ்பென்ஷன். மூன்று வரி. அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 18, திங்கள்

சென்னியப்பனை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பையர் எழுத்தில் கேட்டிருக்கிறார்களாம், வேறு வழியில்லை. சால்வை போர்த்திப் போட்டோ எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். சால்வையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு பிளாண்டுக்குப் போய்விட்டாராம். மடிப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி போனில் சொன்னாள். “பயமின்றி”யை விட்டவள்தான்.

அவள் நோட்டீஸ் போர்டைப் போட்டோ எடுத்தும் அனுப்பினாள். ‘நமது வெளிப்படையான நிர்வாக முறையின் பயனாக, லேப் ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட தவறு கண்டறியப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. இதற்கு உதவிய ஊழியர்களுக்குப் பாராட்டு.’ தனிப்பட்ட தவறு! வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கமுத்து அதே நாற்காலியில். திவாகர் அதே நம்பரை வேறு போஸ்டரில் போட்டிருக்கிறார். நான் சொன்னதையும் எடுத்துத் தங்கள் பெருமையில் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களைத் திட்ட இந்த டைரியில் இடம் போதாது, பாதிப் பக்கம் காஸ்டிக் சோடா தின்றுவிடுகிறது.

வீட்டில் இவர் மட்டும் ஆச்சரியம். “போய்த் தொலையட்டும் வேலை” என்றார். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

மார்ச் 24, ஞாயிறு

சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். ஆடிட்டரிடம் எல்லாம் சொன்னேன், ஒன்றைச் சொல்லவில்லை. அது ஆடிட்டருக்குச் சேர வேண்டியதும் இல்லை.

வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். “அண்ணா, போன் பண்ணது யாருன்னு தங்கமுத்து கேட்டப்ப, நான் இல்லைன்னு சொன்னேன். இருந்தது நாம ரெண்டு பேருதான். நான்தான் உங்களக் காட்டிக் குடுத்தேன்.”

“தெரியுமுங்.”

“எப்படி?”

“சஸ்பெண்ட் பண்ணப்பவே தங்கமுத்து சொல்லிப்போட்டாரு. ‘அந்தப் புள்ளையே நானில்லைன்னு சொல்லிருச்சு, வேற யாரு, நீதான்’னாரு.”

அப்படியென்றால் நான் டிபன் கேரியர் கொண்டுவந்த அன்று இவருக்குத் தெரியும். தெரிந்தே மோர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், தெரிந்தே மருமகன் லாரியைப் பற்றிப் பேசியிருக்கிறார். எனக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாமில்ல? விசாரணையிலாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று அவரிடமே கத்தினேன். வள்ளியாத்தா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“கேட்டா என்ன பண்ணியிருப்பீங்க?”

இல்லை என்று சாதித்திருப்பேன். சாகும்வரை சாதித்திருப்பேன்.

“எனக்கு உங்க மேல கோவம் இல்லைன்னு நெனச்சுக்காதீங் அம்முணி. இருக்குது. நல்லாவே இருக்குது. மன்னிப்பு கேக்கத்தான் வந்தீங்கன்னா, அத இப்ப என்னால குடுக்க முடியாதுங். நாளைக்குத் திங்கக்கெழமை. கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். நாங்க பதினேழு கிணத்துக்காரங்க மனுக் குடுக்கறோம். நாங்க சொன்னா, தண்ணி கெட்டதுக்கு வேற காரணம்பாங்க. உள்ள இருந்து ஒருத்தரு எழுதிக் குடுத்தா அப்பிடிச் சொல்ல முடியாது. மூணு நாள்தானுங்களா நீங்க எழுதினது?”

“இல்லைங்கண்ணா.”

“எத்தன நாளு?”

“தங்கமுத்து வந்ததுல இருந்து. அளவு கூடற நாளெல்லாம் ரீடிங்க நான்தான் போட்டேன். ஆறு வருசம்.”

அவரும் அந்த ஆறு வருடத்து மாதக் கடைசிகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போய் ஒரு குயர் வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

“எம்பட கையெழுத்தும் ஆறு வருசம் இருக்குது. அத எம்பட மனுவுல நான் எழுதறேன். உங்களத நீங்க எழுதுங்.”

எட்டுப் பக்கம் எழுதினேன். எந்த மாதம் எவ்வளவு கூடும், வால்வை எந்த வாரங்களில் திறப்பார்கள், உண்மை எண் என்னவாக இருந்திருக்கும், நான் என்ன எண் போட்டேன். வள்ளியாத்தா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார்.

“‘மேனேஜர் சொன்னதால’ன்னு பதினோரு வாட்டி எழுதியிருக்கீங்” என்றார்.

“அது உண்மைதானேண்ணா?”

“உண்மைதானுங். அத மேல ஒருக்கா எழுதினாப் போதும். மிச்சமெல்லாம் நீங்க எழுதினதுதான?”

சுர்ரென்று வந்தது. யாருக்காக இதெல்லாம் செய்கிறேன், வேலையையும் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இவர் வாத்தியார் மாதிரித் திருத்துகிறார் என்று வாய்வரை வந்துவிட்டது. தாள்களைப் பிடுங்கி எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

பத்தை அடித்தேன்.